புல்கிலா பெட்ரோல் பங்க்

வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர் முன்னால்
புல்கிலாவில் ஒரு பெட்ரோல் பங்க்.
கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று
தோடுகளைக் கழற்றுகிறேன்,
இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு மூடுகிறேன்.
உதட்டைத் துடைத்த காகிதத்தை
இரண்டாக மடித்து, நாலாக மடித்து
யாரோ தேடி எடுத்துவிடுவார்கள் என்பதுபோல்
தொட்டியின் அடியில் செருகுகிறேன்.
முடியை இழுத்துக் காதின்மேல் விடுகிறேன்.

தாம்பெரேயில் ஒரு நவம்பர் மதியம்
என் காதைக் குத்திக்கொண்டேன்.
அன்றிலிருந்து ஏழு வருடமாக
அவர்கள் காதைக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வாசலில் இரண்டு வாழ்த்துகள் உண்டு.
நம்மவர் என்றால் "யுமலன் தெர்வே",
கடவுளின் வாழ்த்து.
தபால்காரருக்கும் பனி வாரும் டிராக்டர்காரருக்கும்
வெறும் "பைவா".
சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் நின்று
எது விழுகிறது என்று கேட்போம்,
பதினோரு பிள்ளைகள்.
ஒரு சொல்லில் தெரிந்துவிடும்
வந்தவர் சொர்க்கம்வரை வருபவரா
காப்பி குடித்துவிட்டுப் போகிறவரா.

நான் இன்னும் யுமலன் தெர்வே என்றுதான் சொல்கிறேன்.
வாசலில் பூட்ஸைத் தானே உதறும் கால்போல
நாக்கு சொல்லிவிடுகிறது.

எந்த நாளில் விலகினாய் என்று கேட்டால் தெரியாது.
சண்டையில்லை, கடிதமில்லை.
ஒரு கோடைக்காலக் கூட்டம்,
வயல் முழுக்கக் கூடாரங்கள்,
ஒலிபெருக்கியில் பிரசங்கம்.
பக்கத்தில் ஒருத்தி அழுதபடி
அம்மாவின் தோளைப் பிடித்தாள்.
"எல்லாப் பாவமும் மன்னிக்கப்பட்டது, நம்பு"
என்றாள் அம்மா, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு.
நான் ஒரு கொசுவை விரட்டிக்கொண்டிருந்தேன்.
கொசு போய்விட்டது.
கூடவே இன்னொன்றும் போயிருந்தது.
எது முதலில் போனது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

இந்த அக்டோபர் சனிக்கிழமை.
டிவி இல்லாத சுவரில்
பேரப்பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர்.
என் கல்யாணப் படத்துக்கென்று அடித்த ஆணியில்
இப்போதைக்கு உரக் கம்பெனி காலண்டர்.

அண்ணன் மகள் ஹில்யா, ஆறு வயது.
அமைதி என்று அந்தப் பெயருக்கு அர்த்தம்.
தலை சீவிவிடுகிறேன் என்று நாற்காலியில் ஏறினாள்.
சீப்பு நின்றது.
"அத்தை, உன் காதுல ஓட்டை இருக்கு."
கரண்டிகள் நின்றன.
மில்கா அண்ணி குழந்தையின் வாயைத் துடைத்தாள்,
சுத்தமாக இருந்த வாயை.
ஏஸ்கோ அண்ணன் ஜன்னலில் மழையை ஆராய்ந்தான்.
"இந்தப் பக்கமும் ஒண்ணு" என்றாள் ஹில்யா.
கணக்கில் கெட்டிக்காரி.

அம்மா பால் குவளையை என் பக்கம் நகர்த்தினாள்.
"காப்பி ஆறுது."

பிறகு பாத்திரம் கழுவ நாங்கள் இருவர்,
அவள் கழுவ, நான் துடைக்க.
நான் கேட்டால் போதும்.
ஈரக் கையைத் தோளில் வைத்து
அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவாள்.
நாற்பது வருடமாக
எந்நேரமும் கைவசம் வைத்திருப்பவள்.
பதினாறு தட்டுகள்.
ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும்
இரண்டு முறை அலசினாள்,
தட்டுகள் தீர்ந்துவிடக் கூடாது என்பதுபோல்.
கடைசித் தட்டையும் துடைத்து
நான் அடுக்கினேன்.

கிளம்பும்போது அண்ணன்
"யுமலன் ரவ்ஹான்" என்றான்,
கடவுளின் சமாதானத்தோடு போ என்று,
வழக்கத்தைவிடச் சத்தமாக.
அண்ணி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள்.
அம்மா கோட்டுகூடப் போடாமல்
மழையில் கார்வரைக்கும் வந்தாள்.
கண்ணாடியை இறக்கினேன்.
இரண்டில் ஒரு சொல் விழப்போகிறது,
கதவுக்குப் பின்னால் நிற்கிறேன் மறுபடி.

"புல்கிலா காட்டுல எல்க் மான் குறுக்க வரும்.
மெதுவாப் போ."

பங்கில் நிறுத்தவில்லை.
டப்பாவுக்குள் தோடுகள் கிலுகிலுத்தன.
நூறில் போகும் சாலையில்
ஐம்பதில் போனேன், காடு முடிந்த பிறகும்.
மான் எதுவும் வரவில்லை.
பின்னால் ஒரு லாரி
விளக்கை அடித்து அடித்து
முந்திப் போனது.